பழைய காருக்கு ரூஃப் லைனிங்: கடலூர், புதுச்சேரிக்கு விடுமுறையில் வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அப்பா காலத்துக் கார் போர்டிகோவில் நிற்கும் வீடுகளில், லீவுக்கு வந்து ஏறி உட்கார்ந்ததும் முதலில் தட்டுப்படுவது இதுதான். கூரைத் துணி கழன்று, பின் சீட்டில் இருப்பவர் தலைமேல் பந்தல் மாதிரி தொங்கும். எஞ்சின் ஓடும், ஏசி வரும், துணி மட்டும் நிற்காது. இந்தமுறை தை மாதப் பயணத்தில் கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்ததை, இதே வேலையை எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நன்றாகச் செய்கிற கைகள் இரண்டு ஊரிலும் உண்டு. ஆனால் பழைய ஃபோமை எவ்வளவு சுத்தமாகச் சுரண்டினார்கள், பசையை எவ்வளவு நேரம் உலரவிட்டார்கள் என்ற இரண்டில்தான் வேலையின் ஆயுள் இருக்கிறது. இரண்டுமே பில்லில் வராத வேலை. நாம் கேட்டால்தான் கிடைக்கும்.

வெளிநாட்டில் ஹெட்லைனர் என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே ரூஃப் லைனிங் என்று கேளுங்கள். சீட் கவர், மேட், ஸ்டிக்கர் விற்கும் ஆக்சஸரீஸ் கடைகளும் இந்த வேலையை ஒப்புக்கொள்ளும். ஆனால் பெரும்பாலும் வேறொருவரிடம் கொடுத்துத்தான் செய்து வாங்கித் தருவார்கள். நேராகக் கார் சீட் தைக்கும் குஷன் ஒர்க்ஸுக்குப் போவது நல்லது. செய்கிற ஆளிடமே பேசலாம், நடுவில் போய்ப் பார்க்கலாம்.

துணி ஏன் கழல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பசை விட்டுப்போச்சு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தொங்கும் துணியின் பின்பக்கம் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்து, சுக்குப்பொடி போல உதிரும். சில இடத்தில் பிசுபிசு என்று விரலில் ஒட்டும். துணிக்கும் அதைத் தாங்கும் கூரை போர்டுக்கும் நடுவே இருந்த பாலியூரித்தேன் ஃபோம் அது. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து அதைச் சிதைத்துவிட்டன. கடற்கரை ஊரில், கண்ணாடி ஏற்றிப் பூட்டி மாதக்கணக்கில் நிற்கும் காரில் இது சீக்கிரமே நடக்கும். ஆகவே ஊசியால் பசையை உள்ளே செலுத்துவது, பின் குத்துவது, பட்டன் வைப்பது எல்லாம் வீண். பொடிமேல் எந்தப் பசையும் பிடிக்காது.

அடுத்து, உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் போர்டே கிடையாது. ரெக்சினோ துணியோ குறுக்குக் கம்பிகளில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும். பிற்காலக் கார்களில் அச்சில் வார்த்த ஒரே போர்டு, அதன்மேல் ஃபோம் ஒட்டிய துணி. இரண்டும் வேறு வேறு வேலை. கம்பி வகைக்குத் தையல் தெரிந்த ஆள் வேண்டும், போர்டு வகைக்குப் பொறுமையான ஆள் வேண்டும்.

முதலில் போர்டு வகை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு சன் வைசர், கைப்பிடிகள், உள் விளக்கு, கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூண்களின் பிளாஸ்டிக் மூடிகள், மேல் சீட் பெல்ட் போல்ட் என வரிசையாகக் கழற்றி, கதவு பீடிங்கை, அதாவது கதவு வாயைச் சுற்றிய ரப்பர் ஓரத்தை, மேல்பக்கம் மட்டும் இழுத்துவிட்டால் போர்டு இறங்கும். தூண் மூடியில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் குஷன் கடையைக் கை வைக்க விடாதீர்கள். அது கம்பெனி சர்வீஸ் சென்டர் வேலை. உப்புக்காற்றில் வைசர் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துத் தலை தேய்ந்திருக்கும். முதல்நாள் மாலையே துரு இளக்கும் ஆயில் அடித்து வைக்கச் சொல்லுங்கள். புதிதாக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுவதானால் பழையதன் அதே நீளம் இருக்க வேண்டும். நீளம் கூடினால் நுனி கூரைத் தகட்டை உள்ளிருந்து முட்டி, வெளியே பெயின்டில் சின்னப் பரு போலத் தள்ளும். அதைச் சரிசெய்ய டிங்கரிங், பெயின்டிங் என்று தனிச் செலவு.

போர்டை வெளியே எடுப்பதுதான் ஆபத்தான கட்டம். பின் கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் டிக்கிக் கதவு உள்ள ஹேட்ச்பேக் காரில் பின்வழியாக வரும். செடான் என்றால் முன் சீட்டை முழுக்கச் சாய்த்து, அல்லது போல்ட் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, முன் கதவு வழியாக இரண்டு பேர் சேர்ந்து கொண்டுவர வேண்டும். ஒரே ஆள் இழுத்தால் நடுவில் மடியும். மடிந்த கோடு எந்தத் துணி ஒட்டினாலும் தெரியும். ஓரம் நொறுங்கியிருந்தாலோ விரிசல் இருந்தாலோ, பின்பக்கம் ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து ஒரு இரவு இறுகவிட வேண்டும்.

இனி சுரண்டல். துணியை உரித்ததும் ஃபோமில் பாதி போர்டிலேயே தங்கும். நைலான் பிரஷ் போட்டு, போர்டின் இயல்பான நிறம் தெரியும்வரை தேய்த்து, பிறகு புளோயரால் ஊதி எடுக்க வேண்டும். ஒருவர் செய்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஃபைபர் போர்டு என்றால் தூசி அரிக்கும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் தேவை. தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. போர்டு ஊறி வளைந்துவிடும். உள்ளங்கையை அழுத்தித் தடவி எடுத்தால் கையில் பொடி ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு. வேலை கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, பழைய ஃபோம் ஒரு பொட்டு இல்லாம சுரண்டிடுங்க. பசை போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க, நான் வந்து போர்டைப் பாத்துக்கறேன்.” வருத்தப்பட மாட்டார்கள். நாம் வந்து பார்ப்போம் என்று தெரிந்தாலே அந்த இரண்டு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும்.

துணி, பின்பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டியதாக இருக்க வேண்டும். ஃபோம் இல்லாத வெறும் துணி மலிவு. ஆனால் போர்டின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும், பசையும் ஊறி வெளியே திட்டாக வரும். வார்த்த போர்டில் ரெக்சினும் வேண்டாம். கனம் அதிகம், குழிவில் வளைந்து உட்காராது. சின்ன ஹேட்ச்பேக்குக்கு 2 மீட்டர், செடானுக்கு இரண்டரை மீட்டர் போதும், அகலம் 58 முதல் 60 அங்குலம் இருந்தால். வைசருக்கும் தூண் மூடிக்கும் இதே துணி வேண்டுமென்றால் அரை மீட்டர் கூட்டி வாங்குங்கள். பிறகு வேறு ரோலிலிருந்து எடுத்தால் நிறம் ஒரு சாயல் மாறும். உங்கள் காரின் பழைய சாம்பல், வெளிர் பழுப்பு நிறம் இங்கே அமையவில்லை என்றால், அமெரிக்காவிலும் கனடாவிலும் கெஜக்கணக்கில் விற்கும் துணியைக் கொண்டுவரலாம். 3 கெஜம் தாராளம். பெட்டியில் இறுக்கி மடித்தால் ஃபோமில் மடிப்புக்கோடு விழும். நடுவில் ஒரு டவலை வைத்து ஒரே மடிப்பாக மடித்துச் சுருட்டுங்கள், வந்ததும் விரித்துத் தொங்கவிடுங்கள். பசை ஸ்ப்ரே கேன் மட்டும் கொண்டுவர முயலாதீர்கள். தீப்பிடிக்கும் ஏரோசால், விமானத்தில் எந்தப் பெட்டியிலும் அனுமதி இல்லை.

பசைக்கு இங்கேயே வழி இருக்கிறது. வெள்ளை ஃபெவிகால் மரத்துக்கானது, ஈரத்தில் இளகும். இந்த வேலைக்கு ரப்பர் பசைதான். குஷன் கடைகளில் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 சாதாரணமாகப் புழங்கும். கத்திரி வெயிலில் கூரைத் தகடு 70 டிகிரியை எட்டும் ஊரில், வெப்பம் தாங்கும் வகையைக் கேட்பது மேல். அதே கம்பெனியின் ஹீட்எக்ஸ் அப்படிப்பட்டது. சின்னக் காருக்கு ஒரு லிட்டர் டின் போதும். போர்டில் ஒரு பூச்சு, துணியின் ஃபோம் பக்கம் மெல்லிய ஒரு பூச்சு. ஃபோம் பக்கம் அதிகமானால் அது பசையைக் குடித்துக் கெட்டியாகி, வெளியே கறையாகத் தெரியும். ஸ்ப்ரே கன் இருக்கும் கடை கிடைத்தால் நல்லது, பிரஷ்ஷில் கனம் சீராக வராது.

பூசியதும் ஒட்டக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெல்லப்பாகு பதம் பார்ப்பது போலத்தான், ஆனால் நேர் எதிர்: கம்பி இழுத்தால் இன்னும் ஆகவில்லை, தொட்டால் பிசுக்கென்று பிடித்து நூலிழுக்காமல் விட்டால் பதம். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் கரைப்பான் உள்ளேயே அடைபட்டு, முதல் வெயிலில் ஆவியாகிக் கொப்புளமாகக் கிளம்பும். இன்னொரு பக்கம், பூசிவிட்டு ரொம்ப நேரம் விட்டாலும் பிடிப்புப் போய்விடும். புதுச்சேரியில் பல கடைகள் மதியம் ஒன்றரை மணி நேரமாவது, சில நான்கு மணி வரைக்கும், ஷட்டரை இறக்கிவிடும். பன்னிரண்டரைக்குப் பசையை எடுக்க விடாதீர்கள். பதினொன்றுக்குள் ஆரம்பிக்க வேண்டும், இல்லை மாலைக்குத் தள்ள வேண்டும்.

ஒட்டும் முறை எல்லா நல்ல கைகளுக்கும் ஒன்றுதான். துணியைப் போர்டின்மேல் மையம் பார்த்து விரித்து, ஒரு பாதியைத் திருப்பிப் போட்டு, அந்தப் பாதிக்குப் பசை போட்டு, பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே வர வேண்டும். பிறகு மறுபாதி. இழுத்து ஒட்டுவதுதான் பெரிய தவறு. வைசர் உட்காரும் பள்ளம், விளக்கைச் சுற்றிய குழிவு இங்கெல்லாம் முதலில் குழிக்குள் அழுத்திவிட்டுப் பிறகுதான் மேட்டுக்கு வர வேண்டும். குழியின் மேல் டோலக்குத் தோல் போல விறைப்பாக நிற்கும் துணி, ஒட்டின அன்றைக்கு அழகாகத் தெரியும். அடுத்த கோடையில் அந்த இடம்தான் முதலில் கிளம்பும். ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டுப் பின்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும், விளிம்போடு வெட்டக்கூடாது. விளக்கு ஓட்டைக்குப் பெருக்கல் குறி போலக் கீறி இதழ்களைப் பின்னால் மடிக்க வேண்டும். ஒரு இரவு தட்டையாக வைத்து, மறுநாள் மாட்டினால் போதும்.

போர்டு வெளியே இருக்கும் அந்த ஒரு இரவை வீணாக்காதீர்கள். கூரையின் உள்தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வெளியே நின்ற கார்களில், பழைய துணியில் பழுப்பு வளையம் இருந்தால் அது ஃபோம் கோளாறு இல்லை, மழைநீர் இறங்கிய தடம். ஆன்டெனா அடி ரப்பர், கேரியர் போல்ட் ஓட்டை, முன் கண்ணாடி பீடிங் மூன்றையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்து அடைத்த பிறகே புதுத் துணி. வெயில் தடுக்க ஏதாவது ஒட்டுவதானால் தண்ணீர் குடிக்காத மூடிய நுண்ணறை ஃபோம் ஷீட், 5 அல்லது 6 மில்லிமீட்டர். சோபா ஸ்பாஞ்ச் வைத்தால் ஈரத்தைப் பிடித்துத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். கனமாக வைத்தால் போர்டு மேலே உட்காராது.

கம்பி வகை பற்றி. அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் கம்பிகளைக் கழற்றும்போதே முன்னிருந்து 1, 2, 3 என்று எண் ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் வளைவும் நீளமும் வேறு. மாறினால் சுருக்கம் எப்படி இழுத்தாலும் போகாது. பழைய ரெக்சினைப் பிரித்துத்தான் அளவு எடுப்பார்கள், ஆனால் அது வருடக்கணக்கில் வெயிலில் சுருங்கியது. சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். கம்பியின் துருவைத் தேய்த்து பிரைமர் அடிக்காமல் கோத்தால், தையல் ஓரமாகச் செம்பட்டைக் கோடு வந்துவிடும். சில கார்களில் முன் பின் ஓரங்கள் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகும். அப்படியானால் கண்ணாடியை இறக்க வேண்டும், ரப்பரையும் அப்போதே புதிதாகப் போடுங்கள். காய்ந்த பழைய ரப்பரைத் திரும்ப மாட்டினால் ஐப்பசி மழையில் ஒழுகும்.

எப்போது வருகிறீர்கள் என்பதும் முக்கியம். டிசம்பரில் வருபவர்கள்தான் அதிகம், ஆனால் இந்த வேலைக்கு அது நல்ல காலமில்லை. ஈரக்காற்றில் பசையின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, பனி படிவது போல வெண்மையாக ஈரம் பூக்கும்; பிடிப்பு குறையும். வேறு வழியில்லை என்றால் வெயில் ஏறிய பிறகு பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஈரம் தொல்லை இல்லை, ஆடிக்காற்றில் வரும் மண் பசைமேல் படியும். மூடிய ஷெட் உள்ள கடையாகப் பாருங்கள். தை பிறந்த பிறகு பங்குனி வரை அருமையான காலம். ஒன்று: பொங்கல் நாட்கள் மட்டுமல்ல, தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழாவுக்கும் கடலூர்ப் பக்கம் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள். அது முடிந்த பிறகு காரை விடுங்கள், கிளம்பும் நாளுக்கு ஒரு வாரமாவது கையில் இருக்கட்டும்.

எடுக்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் விடக்கூடாது. மேல் சீட் பெல்ட் போல்ட்டை ஸ்பேனர் வைத்து உங்கள் கண்முன் இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள் விளக்கு எரிகிறதா, கதவு மூடினால் அணைகிறதா என்று பாருங்கள். கதவு பீடிங் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் விடுபட்ட கிளிப் தானே சத்தம் போடும். மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கிளம்பிப் போன பிறகு வீட்டில் இருப்பவர்களிடம் இரண்டு வேலை சொல்லிவிட்டுப் போங்கள். முதல் ஒரு வாரம் காரை நிழலில் விட வேண்டும். அதன்பிறகு வாரம் ஒருமுறை, வெயில் நாளில், நான்கு கதவையும் அரை மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். மழையில் நனைந்த கார் கவரை அப்படியே விட்டால் உள்ளே வேகும். கவரைக் கழற்றிக் கொடியில் உலர்த்திவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்.