குதிரைப் பண்ணைக்கு மென்பொருள்: சொந்தமாக எழுதுவதா, சந்தா கட்டுவதா?

புனே பக்கம் பந்தயக் குதிரைகளை இனவிருத்தி செய்யும் பண்ணை ஒன்றுக்கு மேலாண்மை மென்பொருள் திட்டம் வகுத்துக் கொடுத்தேன். மூன்று வழிகள் இருந்தன. ஏற்கெனவே வைத்திருந்த எக்செல் கோப்புகளைச் சீர்படுத்துவது, பண்ணைக்கென்றே புதிதாக எழுதுவது, மாதச் சந்தாவில் கிடைக்கும் ஆயத்த மென்பொருளை எடுப்பது. எனக்குத் தொழிலே மென்பொருள் எழுதுவதுதான். ஆனாலும் மூன்றாவதைத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எக்செல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்துப் பெட்டைக் குதிரைகள் உள்ள இடத்துக்கு அது தாராளமாகப் போதும். குதிரைகள் பெருகி, மருத்துவர், மேலாளர், கணக்கர் என்று மூன்று பேர் ஒரே கோப்பைத் தொட ஆரம்பித்ததும் எந்தப் பதிவு கடைசியானது என்பதே சண்டையாகிவிடும். செலவும் பெரிய விஷயமில்லை. சந்தா, குதிரைக் கணக்கில் டாலரில் வரும். சொந்தமாக எழுதினால் மொத்தமாக ஒரு தொகை, அப்புறம் வருடா வருடம் பராமரிப்பு. நாங்கள் கூட்டிப் பார்த்தபோது முடிவை மாற்றும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை.

முடிவு செய்தது ஒரே ஒரு விஷயம். இந்த மென்பொருளுக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் உண்மையான பரீட்சை.

இந்தியாவில் தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்தின் குட்டி எப்போது பிறந்தாலும் வயது ஏறுவது ஜனவரி 1 அன்று. டிசம்பர் 28இல் பிறந்தால் நான்கே நாளில் கணக்குப்படி ஒரு வயது. பிறகு, தன்னைவிட பத்துப் பதினொரு மாதம் மூத்த குதிரைகளோடு அது ஓட வேண்டும். அதனால் ஜனவரிக்கு முன் எந்தப் பெட்டையும் ஈனக் கூடாது என்றுதான் எல்லாப் பண்ணையும் திட்டமிடும். சினைக்காலம் சராசரியாக 340 நாள். பிப்ரவரி 15இல் இணை சேர்ந்தால் அடுத்த ஜனவரி 21 வாக்கில் குட்டி. ஈனுவது, மறுபடி இணை சேர்ப்பது, ஸ்கேன் எல்லாம் வருடத்தின் முதல் பாதியில் குவிந்துவிடும். அதன் பிறகு மென்பொருளின் அந்தப் பகுதியைத் தொட ஆள் இருக்காது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டில் எழுதி முடித்த நிரல் நிஜக் குதிரையைப் பார்ப்பது ஜனவரியில். மார்ச்சில் பிழை தெரிந்து ஏப்ரலில் திருத்தினால், திருத்தம் சரியா என்று தெரிய அடுத்த வருடம் ஆக வேண்டும். அதற்குள் எழுதிய பையன் வேறு கம்பெனிக்குப் போயிருப்பான். மூன்று பருவம் பார்த்துப் பழகிய மென்பொருள் வேண்டுமென்றால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஆயத்த மென்பொருள் அந்த வருடங்களைப் பல பண்ணைகளில் கழித்துவிட்டு வருகிறது. ஆஸ்திரேலியாவிலும் வாடிக்கையாளர் உள்ள நிறுவனம் என்றால் இன்னும் நல்லது. அங்கே வயது ஆகஸ்ட் 1இல் ஏறும், இணை சேர்ப்பு செப்டம்பரில் தொடங்கும். அவர்களுக்கு ஒரே வருடத்தில் இரண்டு பருவப் பரீட்சை.

என்ன மாதிரிப் பிழை வரும் என்று கேட்கலாம். ஸ்கேன் நினைவூட்டலையே எடுத்துக்கொள்வோம். தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி கிடையாது, நேரடியாக இணை சேர்த்தாக வேண்டும். பெட்டை இணை சேரத் தயாராக இருக்கும் சினைப்பருவம் ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கும். ஒரே சினைப்பருவத்தில் இரண்டு முறை பொலிக்குதிரையிடம் விடுவதும் உண்டு. கருமுட்டை வெளிவந்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் பார்த்து, இரட்டைக் கரு இருந்தால் மருத்துவர் ஒன்றை நசுக்கி நீக்குவார். 16ஆம் நாளை ஒட்டிக் கரு கருப்பையில் ஓரிடத்தில் நிலைத்துவிடும். இரண்டும் அருகருகே நிலைத்துவிட்டால் ஒன்றை மட்டும் நீக்குவது கஷ்டம். இரட்டைச் சினை பெரும்பாலும் கலைவதில்தான் முடியும். குதிரை பழகாத நிரலாளர் இதை ‘இணை சேர்த்த தேதி கூட்டல் 15’ என்று எழுதுவார். எந்த இணைசேர்ப்பு? முதலாவதா, கடைசியா? மருத்துவர் குறித்த கருமுட்டைத் தேதி இருந்தால் எதை எடுப்பது? இரண்டு நாள் தவறினால் ஒரு குட்டியே போய்விடலாம். குட்டிக்குப் பெயர் வைக்கவே மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தாயின் பெயரும் பிறந்த வருடமும்தான் அடையாளம் என்பதும், தாய் இறந்து வேறு பெட்டை பாலூட்டினாலும் வம்சாவளியில் தாய் மாறாது என்பதும் இதே ரகம்.

ஆகவே விற்பவர் காட்டும் மாதிரித் தரவைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆயத்த மென்பொருள்களில் நிறைய, சவாரிப் பள்ளிகளையும் போட்டிக் குதிரைகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. போன பருவத்தில் உங்களைப் படாதபாடு படுத்திய ஒரு பெட்டையின் முழுக் கதையையும் முதல் நாளிலிருந்து அதில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு இணைசேர்ப்பு, இரட்டைக் கரு, சினையின் 5, 7, 9ஆம் மாத ஹெர்பிஸ் தடுப்பூசி, ஈனுவதற்கு ஒரு மாதம் முன் டெட்டனஸ் ஊசி, எல்லாம். எங்கே திணறுகிறது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சொந்தமாக எழுதுவதற்கும் நியாயம் இருக்கிறது. வெளியார் குதிரைகளைப் பராமரித்து ஜிஎஸ்டி பில் போடுவது வெளிநாட்டு மென்பொருளுக்கு ஒத்துவராது. கணக்கை டாலி என்ற கணக்கு மென்பொருளிலேயே விட்டுவிட்டோம். தரோபிரெட்களின் வம்சாவளிப் பதிவேடான இந்திய ஸ்டட் புக்குக்கு அனுப்ப வேண்டிய இணைசேர்ப்பு, பிறப்பு விவரங்களை மென்பொருளிலிருந்து பட்டியலாக எடுத்துக் கையால்தான் நிரப்புகிறார்கள். இது மட்டும் உறுத்துகிறது என்றால் ஃப்ராப்பே போன்ற திறமூலக் கட்டமைப்பில் சின்னதாக ஒரு துணைக்கருவி எழுதிக்கொள்ளலாம். பருவப் பகுதியில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

லாயத்துச் சுவரில் தொங்கும் பலகையையும் கழற்றாதீர்கள். பெட்டைகள் ஈனுவது பெரும்பாலும் ராத்திரியில். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றதா, இரண்டு மணிக்குள் பால் குடித்ததா, மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழுந்ததா என்பதைக் கை ஈரத்தோடு நிற்கிற குதிரைக்காரர் மார்க்கரில் எழுதுவார். காலையில் மேலாளர் அதைப் பார்த்து ஏற்றினால் போதும்.

சந்தாவில் எனக்கிருக்கும் ஒரே பயம், நிறுவனம் மூடிவிட்டால் என்ன செய்வது என்பது. பெட்டை இருபது வயதை ஒட்டியும் ஈனும். அதன் பதிவு அவ்வளவு காலம் வேண்டும். பணம் கட்டும் முன்பே எல்லாத் தரவையும் இறக்கிப் பாருங்கள். குதிரைப் பட்டியல் மட்டும் வந்தால் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு இணைசேர்ப்பும் ஸ்கேனும் ஊசியும் தேதியோடு, எந்தக் குதிரைக்கு என்ற எண்ணோடு வர வேண்டும். ஸ்கேன் படங்களும் சேர்ந்து வருகின்றனவா என்று தனியாகக் கேளுங்கள். நாங்கள் மாதம் ஒருமுறை முழுவதையும் இறக்கி வைக்கிறோம்.

மார்வாரி, கத்தியவாரி போன்ற நாட்டுக் குதிரை இனப் பண்ணைகளுக்கும், ஒரு பெட்டையின் கருவை வேறொரு பெட்டையின் வயிற்றில் வளர்க்கும் கருமாற்று முறை செய்யும் பண்ணைகளுக்கும் இதே பதில் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. கருமாற்றில் ஈன்ற தாயும் மரபணுத் தாயும் வேறு என்பதால், அதை மென்பொருள் எப்படிப் பதிகிறது என்று பார்ப்பதிலிருந்து அங்கே தொடங்குவேன்.