விக்ரமா கல்பனாவா: விண்வெளி சிப்புக்கு கம்பைலர் தேடுகிறவர்களுக்கு

ராக்கெட்டுக்கோ போர் விமானத்துக்கோ பிராசசர் தேர்வு என்றால் எல்லோரும் கதிர்வீச்சைத் தாங்குமா, எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் கேட்பது, இதற்கு கம்பைலர் (நாம் எழுதும் நிரலை சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) யார் கையில் இருக்கிறது என்பதை.

2025 மார்ச்சில் சண்டிகரில் இருக்கும் அரசு சிப் ஆலையான எஸ்சிஎல் தயாரித்து இஸ்ரோவிடம் ஒப்படைத்த இரண்டு 32 பிட் சிப்புகளையே எடுத்துக்கொள்வோம். விக்ரம் 3201-க்கு சொந்தக் கட்டளைத் தொகுப்பு, அதாவது சிப்புக்குப் புரியும் அடிப்படை ஆணைகளின் பட்டியல் அதற்கென்றே தனி. 2009 முதல் நம் ராக்கெட்டுகளில் பறக்கிற 16 பிட் விக்ரம் 1601-க்குத் தம்பி. அடா என்ற நிரல்மொழிக்கான கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர், சிமுலேட்டர் என்று நிரலாக்கக் கருவிகள் எல்லாமே இஸ்ரோ வீட்டுச் சமையல்தான். சிப் வந்த நேரத்தில் சி மொழிக்கான கம்பைலர் இன்னும் அடுப்பில் இருந்தது. கல்பனா 3201 அப்படியில்லை. அது ஸ்பார்க் வி8, ஊரறிந்த கட்டளைத் தொகுப்பு. அதனால் ஓப்பன் சோர்ஸ் கருவிகளோடு ஒத்துப்போகிற மாதிரியே வடிவமைத்திருக்கிறார்கள்.

விக்ரமின் பலம், வெளிநாட்டுக்காரர் யாரும் பிளக்கைப் பிடுங்க முடியாது என்பது. பலவீனமும் அங்கேயேதான்: கம்பைலரில் ஒரு பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்கிறவரும் திருத்துகிறவரும் அந்த ஒரே கட்டடத்துக்குள்தான் இருக்க வேண்டும். ஸ்பார்க்கில் அந்தச் சுமையை ஊரே சுமக்கிறது. ஐரோப்பிய விண்கலங்களில் ஓடும் லியான் சிப்புகளும் ஸ்பார்க் வி8-தான், அவற்றுக்காக ஜிசிசி என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் கம்பைலரில் ‘-எம்ஃபிக்ஸ்-ஏடி697எஃப்’ என்றே ஒரு ஆப்ஷன் உண்டு, அட்மெல்லின் அந்த சிப்பில் இருக்கும் ஒரு வன்பொருள் குறையைத் தவிர்த்து நிரலை உருவாக்கச் சொல்வதற்கு. யூடி699, ஜிஆர்712ஆர்சி சிப்புகளுக்கும் இதே போலத் தனித்தனி ஆப்ஷன்கள். சிலிக்கானில் இருக்கும் ஓட்டையை கம்பைலரே அடைத்துத் தருகிறது, அதுவும் இலவசமாக! நிகழ்நேர ஓஎஸ் (குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்துத் தரும் இயங்குதளம்) வேண்டுமென்றால் ஆர்டெம்ஸ் இருக்கிறது.

ஊர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் மில்-ஸ்டாண்டர்ட்-1750ஏ. அமெரிக்க விமானப்படை 1980-ல் கொண்டுவந்த 16 பிட் பிராசசர் தரம். எஃப்-16 போர் விமானத்திலிருந்து சனிக் கோளுக்குப் போன காசினி விண்கலம் வரை ஏறி உட்கார்ந்தது. ஜோவியல், அடா என்ற இரண்டு நிரல்மொழிகளுக்கும் அன்றைக்கு விலைக்கு கம்பைலர் விற்றார்கள். 1996-ல் புது வடிவமைப்புகளுக்கு வேண்டாம் என்று அறிவித்தார்கள், அப்புறம் கருவிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஜிசிசி 2.95-ல் இதற்கு ஆதரவு உண்டு, 3 வரிசையில் தூக்கிவிட்டார்கள். சரி, பழையதை இறக்கி பில்டு பண்ணலாமே என்றால், அதன் நிறுவல் கையேடே ‘லிப்ஜிசிசி கட்டும்போது ஃபேட்டல் எரர் வரும், கண்டுகொள்ளாதீர்கள்’ என்கிறது, ஏனென்றால் லிப்ஜிசிசி என்கிற அந்தத் துணை நிரல் நூலகத்தை 1750ஏ-வுக்கு யாரும் எழுதவே இல்லை. அதையும் தாண்டினால், இந்த பிராசசர் நினைவகத்தை பைட்டாக இல்லாமல் 16 பிட் சொல்லாகத்தான் எண்ணும். ஆகவே ஜிசிசி-யில் ஒரு ‘சார்’ (ஓர் எழுத்துக்கான தரவு வகை, வழக்கமாக எட்டு பிட்) 16 பிட், ‘சைஸ்ஆஃப் இன்ட்’ (முழு எண்ணின் அளவைக் கேட்பது) போட்டால் 1 வரும். எட்டு பிட் என்று நம்பி எழுதிய டெலிமெட்ரி பாக்கெட் (விண்கலம் தரைக்கு அனுப்பும் அளவீடுகள்) நிரல் சத்தமே இல்லாமல் தப்பாக ஓடும். மிதவைப் புள்ளி (தசம எண்கள்) எண்களும் இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஐஇஇஇ தர வடிவம் கிடையாது, தனக்கென்று 32 பிட், 48 பிட் வடிவங்கள்.

கதிர்வீச்சைத் தாங்கும் ராட்750 பிராசசர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செவ்வாயில் ஊரும் கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் இரண்டும் அதில்தான் ஓடுகின்றன, உள்ளே இருப்பது பவர்பிசி கட்டளைத் தொகுப்பு, கம்பைலருக்குப் பஞ்சமில்லை. காசு இருந்தால் எடுக்கலாம்.

என் கட்சி? ராக்கெட் குழுவுக்கு விக்ரம் சரி, வருஷக்கணக்கில் அடாவிலேயே ஊறியவர்கள், கம்பைலர் எழுதிய ஆளே பக்கத்து அறையில் இருப்பார். வெளியிலிருந்து கருவி செய்து கொடுக்கும் சின்னக் குழுவுக்கு ஸ்பார்க்தான், கல்பனாவோ லியானோ. புதிதாக, காலிப் பலகையிலிருந்து தொடங்குகிறவர் மட்டும் ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். இஸ்ரோவும் சென்னை ஐஐடியும் சேர்ந்து சக்தி என்ற ரிஸ்க்-வி பிராசசரை வைத்து உருவாக்கிய ஐரிஸ் சிப்பும் அதே எஸ்சிஎல்-லில்தான் தயாரானது, 2025-ல் முதல்முறையாக இயங்கவும் (பூட்) தொடங்கிவிட்டது.

எதை எடுத்தாலும் கம்பைலரின் சோர்ஸையும் அதை பில்டு செய்த லினக்ஸ் இமேஜையும் (அந்தக் கணினிச் சூழலின் முழு நகல்) திட்டக் கோப்போடு சேர்த்துப் பூட்டி வையுங்கள்.