ஃபில்டர் பேப்பரா, பனிநிலை மீட்டரா? கரிசல் மண்ணின் சக்‌ஷனை அளக்க எது தோது

மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கும் கோவில்பட்டிக் கரிசலில் அஸ்திவாரம் போடுகிறவருக்கு மண்ணில் எத்தனை சதவீதம் ஈரம் என்பது பாதி விவரம்தான். அந்த ஈரத்தை மண் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. அதைத்தான் சக்‌ஷன் என்கிறோம். ஆய்வகத்தில் அதை அளக்க ஒரு பெட்டி வாட்மேன் 42 ஃபில்டர் பேப்பர் (வடிதாள்) போதும். லட்சக்கணக்கில் செலவழிக்க முடிந்தால் பனி படியும் வெப்பநிலையைக் கொண்டு அளக்கும் டபிள்யூபி4சி போன்ற பனிநிலை மீட்டரும் உண்டு.

தாளில் இருந்து தொடங்குவோம். இதற்கான நெறி, ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி5298. மண் மாதிரியை இரண்டாக அறுத்து, நடுவில் மூன்று தாள்களை அடுக்க வேண்டும். வெளித்தாள்கள் இரண்டும் சற்றுப் பெரியவை. மண் ஒட்டாமல் நடுத்தாளைக் காப்பது மட்டுமே அவற்றின் வேலை. பாதிகளைச் சேர்த்து டேப் சுற்றி, கண்ணாடி ஜாடியில் இறுக மூடி, வெப்பநிலை ஏறி இறங்காத இடத்தில் குறைந்தது 7 நாள் வைக்க வேண்டும். அதற்குள் தாளின் ஈரம் மண்ணின் இழுப்போடு சமநிலைக்கு வந்துவிடும்; தாளின் ஈரத்தை வைத்தே மண்ணின் இழுப்பைக் கணிக்கிறோம். பிறகு நடுத்தாளை இடுக்கியால் எடுத்து நிறுத்து, ஓவனில் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். தராசு 0.0001 கிராம் காட்டியாக வேண்டும்.

காரியம் கெடுவது ஜாடியில் அல்ல, ஜாடிக்கும் தராசுக்கும் நடுவில். உலர்ந்த தாள் 0.2300 கிராம், ஈரத்தாள் 0.2990 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தாளின் ஈரம் 30 சதவீதம். வாட்மேன் 42-க்கு, ஈரம் 45.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், கிலோபாஸ்கலில் சக்‌ஷனின் மடக்கை 5.327 − 0.0779 × ஈரச் சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 980 கிலோபாஸ்கல் வரும். அதே தாள் வழியில் வெறும் 5 மில்லிகிராம் நீரை இழந்துவிட்டால் விடை 1,440-ஐத் தொடும். ஆகவே ஃபேனை நிறுத்துங்கள், எடைபோட்ட மூடி டப்பாவைத் திறந்து தயாராக வையுங்கள், சில விநாடிக்குள் தாளை உள்ளே போட்டு மூடுங்கள். வெறுங்கையால் தொட்டால் விரல் ஈரமும் எண்ணெயும் எடையில் ஏறிவிடும்.

பனிநிலை மீட்டரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மாதிரிக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் மண் நிரப்பாமல் உள்ளே வைத்தால், மூடிய அறையில் குளிர்விக்கப்படும் கண்ணாடியில் பனி படியும் வெப்பநிலையைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் விடை தந்துவிடும். ஆனால் 5 மெகாபாஸ்கல் வரைக்கும் பிழை ±0.05 மெகாபாஸ்கல், அதாவது 50 கிலோபாஸ்கல். 2,000 கிலோபாஸ்கலில் 50 போனால் கவலையில்லை. 100 கிலோபாஸ்கலில் 50 போனால் அதை அளவு என்று எப்படிச் சொல்வது? மாதிரிக்கும் கண்ணாடிக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டை 0.01 டிகிரி தப்பாகக் கணித்தாலே ஏறக்குறைய 80 கிலோபாஸ்கல் புரளும். வெயில் படும் மேசையில் வைத்த கிண்ணத்தை நேரே உள்ளே தள்ளக் கூடாது. தினமும் 0.5 மோலல் பொட்டாசியம் குளோரைடு கரைசலை வைத்துப் பாருங்கள், அளவு 2.2 மெகாபாஸ்கலை ஒட்டி வராவிட்டால் முதலில் கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

இரண்டும் ஒரே பொருளை அளப்பதில்லை என்பதை மறந்துவிட்டு ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம். மண்ணில் ஒட்டிய தாள் தருவது மண்துகள்களும் நுண்துளைகளும் மட்டும் நீரைப் பிடிக்கும் இழுப்பு, அதாவது மேட்ரிக் சக்‌ஷன். மீட்டர் தருவது ஆவி வழியே வரும் மொத்த சக்‌ஷன். மண்நீரின் உப்பும் அதில் சேர்ந்திருக்கும். உப்பு ஏறிய நிலத்து மண்ணில் மீட்டர் கூடுதலாகக் காட்டினால் அது கருவியின் கோளாறு அல்ல. மண்ணைத் தொடாமல் தாளை மேலே தொங்கவிட்டும் மொத்த சக்‌ஷன் பார்க்கலாம்தான். ஆனால் 1,000 கிலோபாஸ்கலுக்குக் கீழே அந்த எண்கள் சிதறும். அந்த வரம்பில் நான் அதை நம்ப மாட்டேன்.

காய்ந்த கரிசலுக்கு, அதாவது 1 மெகாபாஸ்கலுக்கு மேல், மீட்டரே சரி. மண் காயக் காய இழுப்பு எப்படி ஏறுகிறது என்று காட்டும் உலர்வு வளைவின் மேற்பகுதியை ஒரே நாளில் முடித்துவிடலாம். ஈரக் கரிசலுக்கு ஒட்டிய தாள். 80 கிலோபாஸ்கலுக்கும் கீழே என்றால் நீர் நிரப்பிய குழாயின் பீங்கான் நுனியை மண்ணில் பதித்து இழுப்பை நேரே காட்டும் சாதாரண டென்சியோமீட்டரே போதும். அதற்கு மேல் இழுத்தால் உள்ளே குமிழி விழுந்து முள் நின்றுவிடும். 1993-இல் இம்பீரியல் கல்லூரியில் ரிட்லியும் பர்லாண்டும் கொண்டுவந்த உயர்திறன் வகை 1,500 கிலோபாஸ்கல் வரை போகும் என்றாலும், அதன் பீங்கான் நுனியை அழுத்தத்தில் நீரேற்றித் தயார்படுத்தவே தனிப் பொறுமை வேண்டும்.