கிராப் பட்டியல்: பல பருவம் புழங்கிய பின்

"இன்னும் கிராப் பட்டியலைத்தான் கொடுக்கிறீர்களா?" என்று சக ஆசிரியர் கேட்டார். அதேதான்: இணையத்தில் கிடைத்த தகவலைப் பயன்படுத்தலாமா என்று மாணவர் சோதித்துப் பார்க்கும் கேள்வித் தாள். 2004இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ பல்கலைக்கழக நூலகர் சாரா பிளேக்ஸ்லி உருவாக்கியது. காலம், பொருத்தம், எழுதியவர் தகுதி, துல்லியம், நோக்கம் என்ற ஐந்தைப் பற்றியும் அது கேட்கும். எரிச்சல் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தாளைக் கொடுத்ததும் மாணவர் அந்த இணையப் பக்கத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. தேதி இருக்கிறது, டிக். 'எங்களைப் பற்றி' இருக்கிறது, டிக். மேற்கோள்கள் இருக்கின்றன, டிக். மூன்றையும் எழுதி வைத்தவர் தளத்தை நடத்துபவர்தானே! 'டாட் ஆர்க்' முகவரியைப் பார்த்தால் கூடுதல் நம்பிக்கை வேறு. பணம் கட்டினால் அதை யாரும் வாங்கலாம்.

2017இல் ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வெளியிட்ட ஆய்வு இதைப் பிட்டு வைத்தது. 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள்; இரண்டு தளங்களில் எது நம்பகமானது என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் குழந்தை மருத்துவர்களின் பெரிய அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். மறுபக்கம் அதிலிருந்து 2002இல் பிரிந்த சிறு குழுவான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். இரண்டு தளங்களும் கச்சிதம். மாணவர்கள் மட்டுமல்ல, வரலாற்றாய்வாளர்களும் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ சட்டென்று புதிய டேப் திறந்து அமைப்பின் பெயரைத் தேடினார்கள்.

அதனால் இப்போது தாளுக்கு முன்னால் இரண்டு நிமிடம் இந்த வேலை: தேடுபெட்டியில் அமைப்பின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறி, 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, தள முகவரி. அந்தத் தளத்தின் சொந்தப் பக்கங்கள் கழிந்துவிடும், மற்றவர்கள் சொல்வது மிஞ்சும். மைனஸுக்கோ முக்காற்புள்ளிக்கோ பின்னால் இடைவெளி விட்டால் வடிகட்டாது; பாதிப் பேர் தவறுவது இங்கேதான். முதல் முடிவைச் சொடுக்கக் கூடாது. பக்கம் முழுக்க உள்ள சிறுகுறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவ்வளவு திட்டிய பிறகும் அடுத்த பருவத்துக்கு அதே தாளைத்தான் அச்சடிக்கப் போகிறேன். காரணம் இரண்டாம் கேள்வியான பொருத்தம். பதின்ம வயதினரின் தூக்கமும் நினைவாற்றலும் என்று தலைப்பு எடுத்தவர், இரவுப் பணிச் செவிலியர் பற்றிய அருமையான கட்டுரையோடு வருவார். எத்தனை டேப் திறந்தாலும் அது நம்பகமான கட்டுரை என்றுதான் தெரியும். 'உன் கேள்விக்கு இது பதில் சொல்கிறதா?' என்று அவரை நிறுத்திக் கேட்பது அந்தத் தாள்தான்.