கழுத்தில் ஒரு மாதம், அலுமாரியில் பதினொரு மாதம்

போன ஐப்பசியில் ரொறன்ரோவிலிருந்து அண்ணா அழைத்தார். மார்கழிக்கு வருகிறாராம், என்ன கொண்டு வர என்று கேட்டார். "ஒரு மஃப்ளர் கொண்டு வாங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "திருமலையில மஃப்ளரோ? உனக்கென்ன விசரே?" என்று சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரான திருகோணமலையில் தை மாத விடியற்காலையிலும் வெப்பநிலை 23, 24 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்காது. ரொறன்ரோக்காரருக்கு அது கோடை. ஆனால் திருவெம்பாவைக் காலத்தில் விடிய நாலு மணிக்குத் தலை முழுகி, ஈரம் காயாத தலைமயிரோடு பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, வழியில் சுருண்டு படுத்திருக்கும் மான்களைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிப் பார்க்கட்டும். மேலே போகப் போக வாடைக்காற்று கடலிலிருந்து நேரே பிடரியில் வந்து அடிக்கும். அந்த நேரம் வெப்பமானி என்ன சொன்னால் எனக்கென்ன? கழுத்தைச் சுற்றி ஒரு துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகியதும் உடம்பு அப்படியே அடங்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என்னிடம் பதினொரு சால்வைகள் இருக்கின்றன.

சரி, அண்ணா அடுத்து கேட்ட கேள்விதான் சிக்கல். "கம்பளியோ, கஷ்மியரோ, சும்மா அக்ரிலிக்கோ?" பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிரவு பதினொன்றையும் கட்டிலில் பரப்பிவைத்துக்கொண்டு யோசித்தேன். எது அதிகம் சூடு தரும் என்பதில் சண்டையே இல்லை. கஷ்மியர், கம்பளி, அக்ரிலிக், பருத்தி என்று வரிசை போட்டால் எவரும் மறுக்கமாட்டார்கள். விலையும் ஏறக்குறைய அதே வரிசைதான், கடைசி இரண்டும் மட்டும் சில வேளை இடம் மாறும். எங்கள் ஊருக்கு இந்த வரிசை உதவாது. இங்கே ஒரு மஃப்ளர் கழுத்தில் இருப்பது மிஞ்சிப்போனால் ஒரு மாதம். மீதிப் பதினொரு மாதம் கடலுக்குப் பக்கத்து வீட்டில், அலுமாரிக்குள். அந்தப் பதினொரு மாதத்தை எது தாங்கும் என்பதுதான் கேள்வி.

செயற்கை இழையான அக்ரிலிக்கை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன். என் முதல் மஃப்ளரே அக்ரிலிக்தான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நுவரெலியா பேல் பஸாரில் வாங்கிய கடுகு மஞ்சள். இருபது வருடமாகியும் ஒரு ஓட்டை இல்லை. பூச்சி அதைத் தின்னாது, அடித்துத் துவைத்தாலும் சுருங்காது. ஆனால் தோளும் கழுத்தும் படும் இடமெல்லாம் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. ஈரத்தை உறிஞ்சவே உறிஞ்சாது. ஆகவே கோயில் படி ஏறி வியர்த்ததும் கழுத்து நசநசக்கும், நின்றதும் அந்த வியர்வையே குளிரும். சாகாத துணி, அவ்வளவுதான். பாசத்துக்காக வைத்திருக்கிறேன்.

கஷ்மியரும் பஷ்மினாவும் வேறு உலகம். இரண்டும் ஆட்டின் அடிமயிர். அதிலும் பஷ்மினா, லடாக்கின் சாங்தாங் மேட்டு நிலத்து ஆடுகள் பனிக்காலத்துக்கென்று வளர்க்கும் அடிமயிர். நல்ல பஷ்மினா இழை 12 முதல் 16 மைக்ரோன் தடிப்பு. எங்கள் தலைமயிர் அதைவிட நாலைந்து மடங்கு தடிப்பு. மச்சாள் ஒருமுறை தன்னுடையதை என் கழுத்தில் போட்டுவிட்டார். பூனைக்குட்டி ஒன்று ஏறிப் படுத்த மாதிரி இருந்தது. அந்த ஆசையில் கண்டியில் ஒரு கடையில் "அசல் பஷ்மினா" என்று ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் ஓரத்து நூல் ஒன்றை இழுத்து நெருப்பில் பிடித்தேன். விலங்கு மயிர் என்றால் மயிர் கருகும் நாற்றம் வரவேண்டும், சாம்பலை நசுக்கினால் பொடியாக வேண்டும். அக்ரிலிக் என்றால் உருகிக் கட்டியாகும். இதுவோ கடதாசி மாதிரி சுறுசுறுவென்று எரிந்து போயிற்று. விஸ்கோஸ், மரக்கூழிலிருந்து செய்யும் நூல். அழகான விஸ்கோஸ்தான், இன்னும் போடுகிறேன், பஷ்மினா என்று மட்டும் சொல்வதில்லை. மோதிரத்துக்குள்ளால் இழுத்துக் காட்டினால் அசல் என்பார்கள். அதை நம்பவேண்டாம், மெல்லிய துணி எதுவும் மோதிரத்துக்குள்ளால் வரும்.

ஆகவே உண்மையான போட்டி இரண்டுக்குத்தான். செம்மறிக் கம்பளி, அதிலும் மெல்லிய மெரினோ ஒரு பக்கம். கிழக்குக் கரையில் நெசவுக்குப் பேர்போன மருதமுனையின் கைத்தறிப் பருத்திச் சால்வை மறுபக்கம்.

கம்பளிக்கு என் மனதில் இருக்கும் மரியாதையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அதன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நீரை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. அப்படி ஈரத்தை வாங்கும்போதே கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். மாரித் தூறலுக்கு இதைவிட என்ன வேண்டும்? நுவரெலியாவில் இரண்டு இரவு தங்கியபோது இதைக் கண்ணால் கண்டேன். 1,868 மீற்றர் உயரம், தை மாதம், இரவில் பத்துப் பாகைக்குக் கீழே. கிரகரி வாவிக் கரையில் மூடுபனிக்குள் நடந்தபோது என் பருத்திச் சால்வை நனைந்து கனத்து, கழுத்தில் ஈரத்துணி சுற்றிய கதையாகிவிட்டது. பக்கத்தில் தங்கச்சி கம்பளி மஃப்ளரோடு ஒன்றும் நடக்காதவள் போல் வந்தாள். ஆகவே மலைநாட்டிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் இந்த அலசலைப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். உறைபனிக் குளிரை நான் கண்டதில்லை. என் அனுபவம் அந்த இரண்டு இரவும் ஊர் மார்கழியும்தான்.

இனி அலுமாரிக்கு வருவோம்.

கம்பளி ஒரு புரதம், எங்கள் மயிர், நகம் போல. அந்துப்பூச்சியின் புழுவுக்கு அது சாப்பாடு. பறக்கும் பூச்சியைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அது எதையும் தின்னாது. மடிப்புக்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதிலிருந்து வரும் புழுதான் ஓட்டை போடும். அதுவும் சுத்தமான துணியைவிட வியர்வையும் தோல் எண்ணெயும் ஊறிய துணிதான் அதற்கு விருப்பம். குளிர்நாட்டில் பனிக்காலம் புழுவை மந்தமாக்கும் என்பார்கள். எங்கள் வெக்கையில் அதற்கு விடுமுறையே கிடையாது.

அப்படியானால் கழுவிவிட்டு வைத்தால் போயிற்று என்பீர்கள். அங்கேதான் திருமலை குறுக்கே நிற்கிறது. கோணேசர் மலையிலோ டச்சுக் குடாக் கரையிலோ போட்டு வந்த துணியில் உப்பு ஏறியிருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படியே மடித்து வைத்தால் துணி ஒருநாளும் சரியாகக் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே கழுவித்தான் ஆகவேண்டும். கம்பளியைக் கழுவுவதென்றால் பச்சைத்தண்ணீர், மெல்லிய சவர்க்காரம், பிழியக்கூடாது, கயிற்றில் தொங்கவிடக்கூடாது, துவாயில் சுருட்டி நீரை ஒற்றி, பாய் மாதிரி விரித்து நிழலில் உலர்த்தவேண்டும். மார்கழி மழையில் எங்கே விரிப்பது? ஒரு வருடம் என் கம்பளி மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நாலாம் நாள் நாய் நனைந்த வாடை வந்தது. அதற்கும் முந்திய வருடம் அம்மா நல்லெண்ணத்தோடு சுடுதண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் கசக்கியும் விட்டார். கம்பளி இழையில் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் உரசலிலும் அவை ஒன்றுக்குள் ஒன்று கொளுவிக்கொண்டால் பிறகு விடாது. சித்தப்பா விட்டுப்போன அந்த ஆறடி மஃப்ளர் இப்போது சட்டிபானை இறக்கும் துணி. நல்ல தடிப்பு, கை சுடாது.

பூச்சி உருண்டை போடலாமே என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு இருக்கும். நப்தலீன் அவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. (போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நப்தலீனையும் கற்பூரத்தையும் ஒன்றாக வைக்கவேண்டாம். இரண்டும் சேர்ந்து கசிந்து உருகித் துணியைக் கறையாக்கும்.) வேப்பிலையை அம்மா விடாமல் வைக்கிறார். நான் தடுப்பதில்லை, நம்புவதுமில்லை.

உருப்படியாக வேலை செய்யும் வழி ஒன்று இருக்கிறது: ஃபிரீஸர். நன்றாகக் காய்ந்த கம்பளியைப் பொலித்தீன் பையில் காற்றுப் போக அமுக்கிக் கட்டி, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் இரண்டு கிழமை வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு அதே பையில் கட்டியபடியே அலுமாரிக்குப் போகலாம். எங்கள் வீட்டு ஃபிரீஸரிலோ பாரையும் சூடையும் நெத்தலியும். "இதென்னடி, மீனுக்கு மேல பார்சல்?" என்று அம்மா முதல் நாளே வெளியில் எடுத்து வைத்துவிட்டார். இரண்டு பை போட்டுக் கட்டினால் மணம் ஏறவில்லை என்பது என் அனுபவம். மீன் கூடிய நாட்களுக்கு உத்தரவாதம் தரமாட்டேன்.

பருத்திக்கு இந்தக் கூத்து ஒன்றும் இல்லை. அந்துப்புழு அதைத் திரும்பியும் பார்க்காது. பூஞ்சணம் மட்டும் பிடிக்கும், அதை மறைக்கமாட்டேன். பார்க்கப்போனால் கம்பளியைவிடப் பருத்தியில்தான் அது சுலபமாகப் பிடிக்கும். கஞ்சி போட்டு வைத்தால் இராமபாணப் பூச்சியும் வரும், கஞ்சிதான் அதற்கு விருந்து. ஆகவே சால்வைக்குக் கஞ்சி போடவேண்டாம். ஆனால் இந்த இரண்டு தொல்லையும் மாதக்கணக்கில் மடித்தபடி கிடக்கும் துணிக்குத்தான். பருத்திச் சால்வை அப்படிக் கிடப்பதே இல்லை. மாரி முடிந்தால் அது வேறு வேலைக்குப் போய்விடும். கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடியில் ஸ்கூட்டியில் போகும்போது தலையையும் கழுத்தையும் மூட அதே சால்வைதான். கொழும்புக்கு இரவு ஏசி பஸ்ஸில் போர்த்தவும், பஸ்ஸில் தூங்கும் பிள்ளைக்கு விரிக்கவும், கோயிலில் வெறும் கல்லில் உட்காரவும் அதுதான். கிழமைக்கொருமுறை தோய்ந்து வெயிலில் காய்கிற துணியில் பூஞ்சணம் எப்படிப் பிடிக்கும்? கம்பளிக்கு நான் கொடுக்கும் பராமரிப்பை பருத்திக்கு என் அன்றாடமே கொடுத்துவிடுகிறது.

மழைநாளில் கம்பளி போலவே இதுவும் காயாதுதான். ஆனால் கயிற்றில் போடலாம், மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவில் ஒருவாறு காயும், மிச்ச ஈரத்தை இஸ்திரிப்பெட்டி பார்த்துக்கொள்ளும். அப்படியும் காயாவிட்டால் அடுத்ததை எடுக்கலாம். ஒரு கஷ்மியரின் விலைக்குப் பருத்தி எத்தனையோ வாங்கலாம். சேர்ப்பவளுக்கு இதைவிட நல்ல சாட்டுக் கிடைக்குமா? மழைக்கு மாற்றிக் கட்டத்தான் என்று சொல்லியே ஆறு சேர்த்துவிட்டேன்.

அவற்றில் மூன்று கல்முனையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் மருதமுனையில் வாங்கியவை. ஒன்று இலைப்பச்சையில் செம்மண் கரை, ஒன்று சாம்பல் கட்டம், மூன்றாவது வெறும் நீலம். வாங்கும்போது நெருக்கமான நெசவைத் தேடவேண்டாம். கொஞ்சம் தளர்வாக நெய்த, நூல் தடித்த துணியை எடுங்கள். இழைகளுக்கிடையில் காற்று நிற்கும், அதுதான் சூடு. இரண்டாக மடித்துச் சுற்றினால் இன்னும் ஒரு அடுக்குக் காற்று. புதிதில் கழுத்தில் கொஞ்சம் முரடாக இருக்கும். ஐந்தாறு தோய்ச்சலுக்குப் பிறகு அது பணிந்து வரும் விதம் தனிச் சந்தோஷம். கம்பளியோ முதல் நாள் இருக்கும் மென்மையை ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் இழக்கிறது. மெரினோ பரவாயில்லை, சாதாரணக் கம்பளி என் கழுத்தில் எப்போதும் சுணைக்கும். முதல் இரண்டு தோய்ச்சலுக்கும் நீலத்தைத் தனியாகத் தோய்க்கவேண்டும். நான் தோய்க்கவில்லை. சாம்பல் கட்டத்தில் இப்போது ஒரு மூலை வானம்.

பட்டுச் சால்வை பற்றியும் கேட்பீர்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதை இரண்டு கல்யாண வீட்டுக்குத்தான் போட்டேன். அதை வைத்துப் பேசுவது சரியில்லை.

ஆக, அண்ணாவை அழைத்து ஒன்றும் வேண்டாம், சொக்லேற் போதும் என்று சொன்னேன். மார்கழியில் வந்தவர் சொக்லேற்றோடு ஒரு மெரினோவும் கொண்டுவந்தார், கடும் ஊதா. "கேட்டிட்டுப் பிறகு வேண்டாமெண்டா நான் விடுவனே?" என்றார். திருவாதிரையன்று அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். மலையேறும்போது உள்ளங்கையால் இரண்டு மூன்று தரம் தடவியும் பார்த்தேன். அண்ணா போகும்போது சாம்பல் கட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார், வீட்டுக்குள் போட நல்லதாம்.

மெரினோவைத் திருவாதிரையன்று பின்னேரமே கழுவி, நாலு நாள் மேசையில் காயவைத்து, இரண்டு பையில் கட்டி ஃபிரீஸரில் வைத்தேன். அம்மா இம்முறை வெளியில் எடுக்கவில்லை. நெத்தலியைத்தான் கீழ்த்தட்டுக்கு மாற்றினார்.