பழைய புல்லட் 350: டாப் ஸ்பீடு எவ்ளோ, இன்ஜின் எவ்ளோ சுத்துது, பல வருஷம் ஓட்டின அனுபவம்

காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் வச்ச பழைய புல்லட் எவ்ளோ போகும்னு கேக்குறவங்களுக்கு முதல்ல பதில சொல்லிடுறேன். எங்க வீட்ல இருக்கிறது 90-கள்ல திருவொற்றியூர் ஃபேக்டரியில இருந்து வந்த 350 ஸ்டாண்டர்டு, நாலு கியர், கியர் வலது காலு, பாயிண்ட் இக்னிஷன், அப்பா வாங்கினது, இப்ப நான் ஓட்டுறேன். ஒத்த ஆளா, காத்து இல்லாத சமதளத்துல, போன் ஜிபிஎஸ் வச்சுப் பாத்தா 100-ஐத் தாண்டி கொஞ்சம் போகும், அப்ப வண்டி மீட்டர்ல முள்ளு 110-க்கும் 120-க்கும் நடுவுல ஆடிட்டு இருக்கும். ஆனா நான் டெய்லி ஓட்டுறதும் திருநெல்வேலியில இருந்து மதுரை வரைக்கும் போறதும் 75, 80-லதான். அதுக்கு மேல போக முடியாம இல்ல, போனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சதால போறதில்ல. அந்த உள்ள நடக்குறதத்தான் எழுதுறேன், ஏன்னா டாப் ஸ்பீடு பத்தி பேசுற நெறைய பேரு இன்ஜின் எத்தன சுத்து சுத்துதுன்னு பாக்குறதே இல்ல.

இந்த வண்டில ஆர்பிஎம் மீட்டர், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டுற மீட்டர் கிடையாது, ஒரு ஸ்பீடோ, ஒரு ஆம்பியர் மீட்டர், அவ்ளோதான். அந்தக் காலத்துல ராஜ்தூத் 350 மாதிரி வண்டில ஆர்பிஎம் மீட்டர் கம்பெனியிலயே வந்துச்சு, நமக்கு வரல. ஆனா கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல, பல் எண்ணத் தெரிஞ்சா போதும். பிரைமரி கவர, அதாவது இன்ஜின்ல இருந்து கிளட்சுக்கு போற செயின மூடியிருக்கிற கவரக் கழட்டி கிளட்ச் வேலை பாக்கும்போது எண்ணி வச்சேன், கிராங்க் பக்கம் 25 பல்லு, கிளட்ச்ல 56 பல்லு. கியர்பாக்ஸ் வெளிய இருக்கிற சின்ன ஸ்ப்ராக்கெட் 16, பின் சக்கரத்துல 38. டாப் கியர்ல கியர்பாக்ஸ் நேரடியா சுத்தும், ஒண்ணுக்கு ஒண்ணு. அப்ப 56-ஐ 25-ஆல வகுத்தா 2.24, 38-ஐ 16-ஆல வகுத்தா 2.375, ரெண்டையும் பெருக்குனா 5.32. அதாவது பின் சக்கரம் ஒரு சுத்து சுத்த இன்ஜின் 5.32 சுத்து சுத்தணும்.

சக்கரம் ஒரு சுத்துக்கு எவ்ளோ தூரம் போகுதுன்னு அளக்க டயர்ல சாக்பீஸால ஒரு கோடு, தரையில ஒரு கோடு, ஆளு மேல உக்காந்து இருக்கும்போது இன்னொருத்தர் மெதுவா தள்ளணும், கோடு திரும்ப கீழ வந்ததும் தரையில மறு கோடு போட்டு டேப் வச்சா 2 மீட்டர் 5 சென்டி வந்துச்சு. ஆளு உக்காராம அளந்தா கொஞ்சம் கூட வரும், பாரத்துல டயர் அமுங்கும்ல. சரி இப்ப 80 கிலோமீட்டர்னா ஒரு நிமிஷத்துக்கு 1333 மீட்டர், 2.05-ஆல வகுத்தா சக்கரம் 650 சுத்து, 5.32-ஆல பெருக்குனா இன்ஜின் கிட்டத்தட்ட 3460 ஆர்பிஎம். இதே கணக்குல 100-ல 4325, 110-ல 4760 வரும்.

இதுல ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு. இந்த இன்ஜினுக்கு புக்ல போட்டிருக்கிற பவர் 18 ஹார்ஸ்பவர், 5625 ஆர்பிஎம்ல. டாப் கியர்ல 5625 சுத்தணும்னா வண்டி 130-ல போகணும். நிமிந்து உக்காந்து ஓட்டுற ஒரு ஆளையும் அவ்ளோ பெரிய வண்டியையும் 130-க்குத் தள்ள 18 ஹார்ஸ்பவர் பத்தாது, அதனால முழு பவர் வர்ற அந்த 5625-ஐ டாப் கியர்ல வண்டி தொடவே தொடாது, அதுக்கு முன்னாடியே காத்து தடுத்துடும். காத்துத் தடை வேகத்தோட வர்க்கமா (வேகம் பெருக்கல் வேகம்) ஏறும், அதத் தாண்டத் தேவையான பவர் அதையும் இன்னொரு தடவ வேகத்தால பெருக்குன மாதிரி ஏறும். 80-ல இருந்து 100-க்கு போறது கால்வாசி கூடுதல் வேகம்தான், ஆனா காத்த மட்டும் கணக்குல எடுத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பவர் வேணும். அதான் 80 வரைக்கும் சுலபமா வர்ற வண்டி 95-க்கு அப்புறம் ஒவ்வொரு கிலோமீட்டரையும் கெஞ்சி வாங்குற மாதிரி போகுது.

இதப் புரிஞ்சுக்காமதான் நெறைய பேரு 18 பல்லு சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டா டாப் ஸ்பீடு கூடும்னு போடுறாங்க. ஏற்கனவே பவர் பத்தாம நிக்கிற டாப் கியர இன்னும் நீளமாக்குனா இன்ஜின் இன்னும் கீழ் சுத்துல மாட்டிக்கும், டாப் ஸ்பீடு குறையத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. பெரிய ஸ்ப்ராக்கெட் போடுறதுல லாபம் இல்லன்னு சொல்லல, லாபம் வேற இடத்துல இருக்கு, அத கீழ சொல்றேன்.

அடுத்தது பிஸ்டன். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. புல்லட் 350 இன்ஜின் போர் (சிலிண்டர் அகலம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ ஓடுற தூரம்) 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒவ்வொரு சுத்துக்கும் மேல 9 சென்டி கீழ 9 சென்டி ஓடணும். 5000 ஆர்பிஎம்ல சராசரி பிஸ்டன் வேகம் செகண்டுக்கு 15 மீட்டர். தம்பிகிட்ட யமஹா ஆர்எக்ஸ்100 டூ ஸ்ட்ரோக் வண்டி இருக்கு, அதோட போர் 50, ஸ்ட்ரோக் 50. அது முழு பவர் குடுக்குற 7500 ஆர்பிஎம்லயும் பிஸ்டன் வேகம் 12.5 மீட்டர்தான். காதுக்கு ஆர்எக்ஸ் கத்துற மாதிரியும் புல்லட் நிதானமா போற மாதிரியும் கேக்கும், ஆனா ரெண்டையும் விரட்டுற நேரத்துல உள்ள பிஸ்டன் வேகமா ஓடிட்டு இருக்கிறது புல்லட்லதான். ஆர்எக்ஸ் சின்ன பிஸ்டன், லைட் வெயிட், சின்ன ஸ்ட்ரோக்கு, அது அந்த சுத்துக்குன்னே பொறந்தது. புல்லட் பிஸ்டனும் ராடும் வெயிட்டு, ஒவ்வொரு தடவையும் மேல நின்னு திரும்பும்போது கனெக்டிங் ராட (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற ராட) இழுக்குற இழுப்பு ஆர்பிஎம்மோட வர்க்கமா கூடும், 4000-ல இருந்து 5000-க்கு போனா ஒண்ணரை மடங்குக்கு மேல. சவுண்டு வச்சு இன்ஜின் கஷ்டத்த எடை போடாதீங்கன்னு அதனாலதான் சொல்றேன்.

அந்த இழுப்ப வாங்குறது பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்க்ல மாட்டியிருக்கிற கீழ் முனை. பழைய புல்லட்ல அங்க ரோலர் பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ், அதாவது சுத்தி சுழலுற ஒரு வளையம். ஆயில் படலத்து மேலதான் அது மிதக்குது. ஆயில் டைமிங் கவர் வழியா, ஒரு சின்ன சீல் வழியா கிராங்குக்கு உள்ள போகுது, அந்த சீல் தேஞ்சா ஆயில் உள்ள போகாம வெளியவே வழிஞ்சிடும். சும்மா 50, 60-ல ஊருக்குள்ள ஓட்டுறவங்களுக்கு இது வருஷக்கணக்கா தெரியாது. 95-ல ஒரு மணி நேரம் தொடர்ந்து விரட்டுனா அன்னைக்கே தெரிஞ்சிடும், கீழ இருந்து டக் டக்னு ஒரு சத்தம், ஆக்ஸிலேட்டர விடும்போது ஜாஸ்தி கேக்கும். பாளையங்கோட்டையில எங்க மெக்கானிக் அண்ணாச்சி எந்த புல்லட் வந்தாலும் முதல்ல இன்ஜின் மேல வால்வ அமுக்குற ராக்கருக்கு போற ஆயில் பைப் போல்ட்ட லேசா லூஸ் பண்ணி ஆயில் கசியுதான்னு பாப்பாரு, அப்புறம்தான் மத்த வேலை. "தம்பி, ஸ்பீடு எல்லாம் அப்புறம், ஆயில் மேல வருதான்னு மொத பாரு, வரலைன்னா உருட்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிரு"ம்பாரு. நான் லாங் போறதுக்கு முந்தின நாள் இத கண்டிப்பா பாப்பேன். ஆயில் 20டபிள்யூ50, சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்திடுவேன், பில்டரையும் சேத்து.

இப்ப ரோட்டு அனுபவம். திருநெல்வேலி மதுரை நாலு வழிச் சாலை இந்த வண்டிக்குன்னே போட்ட மாதிரி, கயத்தாறு தாண்டி கோவில்பட்டி சாத்தூர் வரைக்கும் கரிசல் காடு, நேரா சமமா போகும், 75-ல வச்சா போயிட்டே இருக்கலாம். 75-னா கணக்குல கிட்டத்தட்ட 3245. அந்த இடத்துல புட்ரெஸ்ட்ல அதிர்வு காலுக்கு இதமா இருக்கும், கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி நம்பர் கூட படிக்கலாம். 85 தாண்டும்போது கண்ணாடி கலங்கிடும், 90-ல கைப்பிடியில விரலு மரத்துப் போக ஆரம்பிக்கும். 90-க்கு மேல ஓட்டிட்டு வந்த நாள்ல வீட்டுக்கு வந்து பாத்தா ஏதாவது ஒண்ணு லூசா இருக்கும், சைலன்சர் நட்டு, இல்ல நம்பர் பிளேட் கிளாம்ப்பு, இல்லைன்னா டெயில் லேம்ப் பல்புல இழை அறுந்திருக்கும். 75-ல போயிட்டு வந்தா துடைச்சு நிறுத்துனா போதும்.

நாகர்கோவில் பக்கம் போனா கத வேற. ஆரல்வாய்மொழி கணவாய், முப்பந்தல்ல காத்தாடி நிக்கிற இடம், ஆடி மாசத்துல எதிர்காத்து அடிக்கும் பாருங்க, டாப் கியர்ல முழு ஆக்ஸிலேட்டர் குடுத்தாலும் 70-ஐ பிடிச்சு வைக்க முடியாது. வண்டி 65-ல போகுது, எதிர்காத்து 35-ல வருதுன்னா இன்ஜினப் பொறுத்தவரைக்கும் 100-ல போற காத்துத் தடைதான். அந்த இடத்துல டாப் கியர்ல முக்க விடாம மூணாவதுக்கு வந்துடணும். மூணாவது கியர் 1.36, 60-ல போனா 3500 சொச்சம், இன்ஜின் சந்தோஷமா இருக்கும். அதே மூணாவதுல 80 வரைக்கும் இழுத்தா 4700, அதாவது டாப்ல 110 போற அதே சுத்து. ஓவர்டேக்குக்கு ஒரு பத்து செகண்டு பரவால்ல, அதுலயே உக்காந்துடக் கூடாது.

மீட்டர நம்பாதீங்க, இதத் தனியா சொல்லணும். பழைய கேபிள் மீட்டர் உள்ள ஒரு காந்தம் சுத்தும், அது ஒரு கிண்ணத்த இழுக்கும், ஸ்பிரிங் பிடிச்சு நிறுத்தும், வருஷம் போகப் போக ஸ்பிரிங்கும் காந்தமும் மாறும், முள்ளு மனசுபோல காட்டும். என் வண்டில 60-ல சரியா இருக்கு, மேல போகப் போக பொய் ஜாஸ்தி ஆகுது. "என் புல்லட் 130 போச்சு"ன்னு சொல்றவங்க முக்காவாசி பேரு பொய் சொல்லல, மீட்டர் காட்டினதத்தான் சொல்றாங்க. முள்ளு துடிச்சா கேபிள் காஞ்சிருக்கு, கழட்டி கிரீஸ் வச்சா நின்னுடும்.

ஸ்பார்க் பிளக் வயர் மேல வயரச் சுத்தி மாட்டுற டிஜிட்டல் ஆர்பிஎம் மீட்டர் ஒண்ணு மலிவா கிடைக்குது, அதையும் மாட்டிப் பாத்தேன். வாங்குறவங்க ஒண்ணு கவனிக்கணும், புல்லட்ல ரெண்டு சுத்துக்கு ஒரு ஸ்பார்க், ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக்ல சுத்துக்கு ஒரு ஸ்பார்க், மீட்டர் செட்டிங்க அதுக்கேத்த மாதிரி வைக்கலன்னா பாதிதான் காட்டும் இல்லைன்னா டபுளா காட்டும். சரியா வச்சதும் பல் கணக்கும் மீட்டரும் நல்லாவே ஒத்துப் போச்சு, ஜிபிஎஸ்ல 80 போகும்போது 3400, 3500-னு மாறி மாறி காட்டுச்சு. ஒரு மாசம் கண்ணு பாத்ததுக்கு அப்புறம் காதே சொல்லிடும், இப்ப கழட்டி வச்சிட்டேன், அப்பாவுக்கு ஹேண்டில் பார்ல அது தொங்குறது பிடிக்கல.

ஆர்எக்ஸ் வச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை. அதுக்கு இன்ஜினுக்குள்ள ஆயில் விடுற ஆட்டோலூப் பம்பு ஆக்ஸிலேட்டரோட சேந்து வேலை செய்யுது. கீழ் கியர்ல ஆக்ஸிலேட்டர முழுசா மூடிட்டு மலை இறங்குனீங்கன்னா சுத்து மேல இருக்கும், ஆயில் கம்மியா போகும், பிஸ்டன் சீஸ் ஆகுறது (சிலிண்டர்ல பிடிச்சு நிக்கிறது) இப்படித்தான். குற்றாலம் தாண்டி ஆரியங்காவு பக்கம் இறங்கும்போது அப்பப்ப ஒரு திருகு திருகி விட்டுட்டே இறங்கச் சொல்லி தம்பிக்கு பழக்கியிருக்கேன்.

சரி, மேல சொன்ன ஸ்ப்ராக்கெட் விஷயம். 17 பல்லு போட்டு நல்லா ஓட்டிப் பாத்தேன். 80-ல ஆர்பிஎம் 3460-ல இருந்து 3260-க்கு இறங்குது, அதாவது முன்னாடி 75-ல இருந்த அதே அமைதி இப்ப 80-ல கிடைக்குது. டாப் ஸ்பீடு ஒரு கிலோமீட்டர் கூட கூடல. பெட்ரோல்ல கொஞ்சம் லாபம் தெரியுது. ஒத்த ஆளா மதுரை ரோடு மாதிரி இடத்துல ஓட்டுறவங்களுக்கு கண்டிப்பா 17 போடுங்கன்னு சொல்வேன். பின்னாடி ஆளு, சாமான், மலை, எதிர்காத்துன்னு ஓட்டுறவங்களுக்கு 16-தான் சரி, 17-ல ஃபர்ஸ்ட் கியர் ஏத்தத்துல கிளட்ச் நெறைய நழுவ விட வேண்டியிருக்கு, பிளேட்டு சீக்கிரம் போயிடும். வேலை ஒண்ணும் பெருசு இல்ல, செயின் நீளம் மட்டும் பாத்துக்கணும், ரொம்ப இழுத்த பழைய செயின புது ஸ்ப்ராக்கெட்ல போட வேண்டாம், ரெண்டையும் சேத்தே மாத்துங்க. நான் இப்ப 17-ல இருக்கேன், ஆடி வரும்போது ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கடி போற வேலை இருந்தா 16-ஐ திரும்ப மாட்டிடுவேன்.