டேர், டீ, டாஸ் கார்டு ஆப்: பாதி விலைக்கு வாங்கலாமா?

ஜெர்மன் பெயர்ச்சொற்களின் பாலைப் பழக்கும் கார்டு ஆப் ஒன்றின் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். ஜெர்மனில் பி1 (இடைநிலை) தேர்வுக்குப் படிக்கும் நண்பர் ஒருவர் "வாங்கட்டுமா?" என்று கேட்டார். ஏ1 (தொடக்க நிலை) படித்த நாளிலிருந்தே என் கைபேசியில் கிடக்கும் ஆப் என்பதால் பதில் நீண்டுவிட்டது. அது என்ன செய்யும் என்பது ஜெர்மன் படிக்கிற எல்லாருக்கும் தெரியும்: பெயர்ச்சொல்லைக் காட்டும், அதன் பாலைச் சொல்லும் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (அஃறிணைப் பால்) மூன்றில் ஒன்றைத் தட்ட வேண்டும், தட்டியதும் பொருளும் ஓர் உதாரண வாக்கியமும் வரும். ஆப்பின் பெயர் இங்கே வேண்டாம்; இதே வகையில் இன்னும் பல இருக்கின்றன, கீழே வரும் குறை அவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மறக்கப்போகிற நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் கொண்டுவருவதில் குறையே இல்லை. இணையம் இல்லாமலும் ஓடும். ஆனால் காசு கொடுத்ததற்கு உண்மையான பலன் விகுதிப் பயிற்சிதான். -உங், -ஹைட், -கைட், -ஷாஃப்ட் என்று முடிந்தால் டீ. -ஷென், -லைன் என்றால் டாஸ். -லிங், -இஸ்முஸ் என்றால் டேர். இந்தப் பட்டியல் எந்த வகுப்பிலும் கிடைக்கும். விதி உடைகிற இடங்களைத் தனியாகத் திரட்டி வைத்திருப்பதுதான் இந்த ஆப்பின் அருமை. ட்ஸைட்டுங் (செய்தித்தாள்) டீ, சரி. ஷ்ப்ருங் (தாவல்) ஏன் டேர்? அதில் வரும் உங் விகுதியே இல்லை, வேர்ச்சொல்லின் உடம்பு. -டூம் என்று முடிபவை பெரும்பாலும் டாஸ். இர்ட்டூம் (தவறு), ரைஷ்டூம் (செல்வம்) இரண்டும் டேர். கூட்டுச்சொல்லின் பாலைக் கடைசிச் சொல்தான் தீர்மானிக்கும்; ஆனாலும் வோர்ட் (சொல்) டாஸாக இருக்க, ஆன்ட்வோர்ட் (பதில்) டீ. இப்படிப்பட்டவற்றை ஒரே கட்டாகத் தருவதை வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி எரிச்சல். ஓர் எழுத்துக்கூட்டலுக்கு ஒரே ஒரு கார்டு. இத்தனை அப்டேட் வந்தும் இது மட்டும் மாறவில்லை.

பாண்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் அது 'டாஸ், ரிப்பன்'. அவ்வளவுதான். உண்மையில் ஒரே எழுத்தில் மூன்று பெயர்ச்சொற்கள் ஒளிந்திருக்கின்றன. டேர் பாண்ட் என்றால் நூலின் ஒரு தொகுதி, பன்மை பெண்டெ. டாஸ் பாண்ட் என்றால் ரிப்பன், ஒலிநாடா, எலும்புகளை இணைக்கும் தசைநார், தொழிற்சாலையில் ஓடும் பட்டை, பன்மை பெண்டர். நட்பு, பாசம் போன்ற பிணைப்பைக் குறித்தால் அதே டாஸ் பாண்டின் பன்மை பாண்டெ. மூன்றாவது, ஆங்கிலத்திலிருந்து வந்த இசைக்குழு: டீ பேண்ட், பன்மை பேண்ட்ஸ், உச்சரிப்பும் வேறு. முதல் இரண்டும் 'பிண்டென்' (கட்டு) என்ற வினையோடு உறவு உள்ளவை, அதனால் பொருளைப் பார்த்துப் பாலை ஊகிக்கவும் வழியில்லை. தமிழில் பொருள் தெரிந்தால் பாலும் தெரிந்துவிடும். இங்கே நேர்மாறாக, பால் தெரிந்தால்தான் எந்தப் பொருள் என்பதே உறுதியாகிறது.

இதைவிடக் கொடுமை அந்தக் கார்டின் உதாரண வாக்கியம்: 'எர் ஷ்பீல்ட் இன் டேர் பேண்ட்', அவன் இசைக்குழுவில் வாசிக்கிறான். மேலே டாஸ், ரிப்பன், கீழே இசைக்குழு, நடுவில் டேர். புதிதாகப் படிப்பவர் என்ன நினைப்பார்? டேர் என்று கண்ணால் பார்த்துவிட்டார், ஆண்பால் என்று மனத்தில் பதித்துக்கொள்வார். ஆனால் அந்த டேர் பெண்பால் டீயின் டாட்டிஃப் (ஒரு வேற்றுமை) வடிவம். டாட்டிஃபில் டீ டேராகிவிடும். டேரும் டாஸும் இரண்டுமே டேம் ஆகிவிடும். 'ஔஃப் டேம் பாண்ட்' என்பதை மட்டும் பார்த்தால் நூல்தொகுதியின் மேலா, பட்டையின் மேலா என்று சொல்லவே முடியாது. பால் கற்பிக்கும் கார்டில் டாட்டிஃப் வாக்கியம் வைப்பவர்கள் ஒரு நாளாவது யாருக்காவது பாடம் எடுத்திருப்பார்களா?

இது ஒரு சொல்லின் விபத்தும் இல்லை. ஸே என்றால் டேர் போட்டால் ஏரி, டீ போட்டால் கடல்; அதனால்தான் போடென்ஸே டேர், நோர்ட்ஸேயும் ஓஸ்ட்ஸேயும் டீ. ஷ்டொயர் டீ என்றால் வரி, டாஸ் என்றால் வண்டியின் ஸ்டீயரிங். லைட்டர் டேர் என்றால் தலைமை வகிப்பவர், டீ என்றால் ஏணி. கீஃபர் டேர் என்றால் தாடை, டீ என்றால் பைன் மரம். செவிலியர் வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலாவது கட்டாயம் வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் வரும் சம்பளம் டாஸ் கெஹால்ட், பன்மை கெஹெல்டர். ஒரு பொருளில் கலந்திருக்கும் அளவு என்றால் டேர் கெஹால்ட். ஆப்பில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒற்றைக் கார்டுதான்.

சரிசெய்துகொள்ள வழி உண்டு, ஏனென்றால் சொந்தக் கார்டு சேர்க்க விடுகிறார்கள். முதலில் டூடென் அகராதியின் இணையதளத்தில் சொல்லைத் தேடுங்கள். பால், கெனிட்டிஃப் (ஆறாம் வேற்றுமை வடிவம்), பன்மை மூன்றையும் பாருங்கள். பாண்டின் கெனிட்டிஃப் ஆண்பாலுக்கும் அஃறிணைப் பாலுக்கும் ஒன்றே, காட்டிக்கொடுப்பது பன்மைதான். அடுத்து பெர்லின்-பிராண்டென்பூர்க் அறிவியல் கழகத்தின் டேவேடேஎஸ் (DWDS) என்ற அகராதித் தளம். இலவசம். அடிக்கடி வரும் சொற்களுக்கு அங்கே 'வோர்ட்ப்ரோஃபில்' என்ற பகுதி இருக்கும். அந்தப் பெயர்ச்சொல்லோடு எந்தப் பெயரடை, எந்த வினை சேர்ந்து வருகிறது என்று அதில் தெரியும்.

கார்டு எழுதும்போது தனி டேர், டீ, டாஸ் வேண்டாம். பெயரடையோடு எழுவாய் வடிவத்தில் எழுதுங்கள்: 'ஐன் டிக்கர் பாண்ட்' (ஒரு தடித்த தொகுதி), 'ஐன் ரோட்டெஸ் பாண்ட்' (ஒரு சிவப்பு ரிப்பன்), 'ஐனெ லௌட்டெ பேண்ட்' (இரைச்சலான இசைக்குழு). -அர், -எஸ், -எ என்று பெயரடையின் வாலே பாலைச் சொல்லிவிடும், பேசும்போதும் அப்படியே வாயில் வரும். பின்பக்கம் பன்மையும் ஒரு கூட்டுச்சொல்லும் போதும்: டேர் பில்ட்பாண்ட் (படங்கள் நிறைந்த நூல்), டாஸ் ஆர்ம்பாண்ட் (கைப்பட்டை), டீ ரோக்பேண்ட். முழங்கால் தசைநார் டாஸ் க்ரொய்ட்ஸ்பாண்ட்; அது கிழிந்தால் டேர் க்ரொய்ட்ஸ்பாண்ட்ரிஸ், ஏனென்றால் கடைசியில் நிற்பது டேர் ரிஸ் (கிழிசல்). மூன்று கார்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள், மனத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்று தடுமாறாமல் வந்த பிறகு அடுத்தது.

மரபுத்தொடர்களை முழுசாகவே படிக்க வேண்டும். 'ஆம் லௌஃபென்டென் பாண்ட்' என்றால் ஓயாமல், ஒன்றன்பின் ஒன்றாக, இதில் பட்டை. 'டாஸ் ஷ்ப்ரிஷ்ட் பெண்டெ' என்றால் அதுவே எல்லாம் சொல்லிவிடுகிறது; இதில் நூல்தொகுதிகள். ஆப்பில் இரண்டும் கிடையாது.

சின்ன எரிச்சல் ஒன்றும் உண்டு: பெண்பாலுக்குச் சிவப்பு, தவறான விடைக்கும் சிவப்பு. டீ என்று சரியாகத் தட்டினாலும் திரை சிவக்கும், ஒரு கணம் பக்கென்றிருக்கும். ஆஸ்திரியாவுக்குப் போகிறவர்களுக்கு வேறு தொல்லை. அங்கே டாஸ் ஈமெயில், டாஸ் கோலா சாதாரணம்; சுவிட்சர்லாந்தில் டிராம்கூட டாஸ். ஆப் மூன்றையும் டீ என்று மட்டுமே ஏற்கும், மற்றதற்கு மதிப்பெண் வெட்டும். டூடெனே இரண்டையும் ஏற்கிற இடத்தில் இந்தக் கண்டிப்பு எதற்கு?

சொல்லைத் தொகுத்தவர்களுக்கு மூன்று நட்சத்திரம்கூட அதிகம். இருந்தும் நண்பரிடம் வாங்கச் சொல்லிவிட்டேன், என் சந்தாவையும் இதே விலையில் புதுப்பித்தாயிற்று. விகுதிக் கட்டையும் கார்டைத் திரும்பக் கொண்டுவரும் கணக்கையும் விட மனமில்லை. வாங்கினால் முதல் வேலையாக அமைப்புகளில் போய் அவர்களுடைய உதாரண வாக்கியங்களை மறைத்துவிடுங்கள், 'சொந்தக் கார்டு முதலில்' என்பதை இயக்குங்கள். நண்பர் சேர்த்த முதல் சொல் கெஹால்ட், இரண்டு கார்டாக.